வேப்பேரி கால்நடை மருத்துவமனை: குட்டிக்கு வாய்ப்புண் என்றால் நேராக இங்கே போங்கள்

புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடிப் பக்கம் ஆடு வளர்க்கிற எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது, அங்கே நாய், பூனைக்குத்தான் வைத்தியம் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, ஆடு, மாடு, குதிரைக்கும் பார்க்கிறார்கள்.

எங்கள் குட்டிகளுக்கு உதட்டு ஓரத்திலும் மூக்கைச் சுற்றியும் கறுப்பாகப் பக்கு கட்டிவிட்டது, மடியில் வாய் வைத்தாலே கத்துகின்றன. பக்கத்து மருந்துக்கடையில் "அம்மைதான், ஊசி போட்டா சரியாயிடும்" என்று ஆன்டிபயாடிக்கை எடுத்து நீட்டினார்கள். குட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! குட்டி யானை வண்டி பிடித்து வேப்பேரிக்கே ஏற்றிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா முதலில் கையுறை போட்டார். உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தார், அப்புறம் வாலைத் தூக்கி, தொடை இடுக்கு, வயிற்றடி, குளம்பு நடுவில் என்று ஒரு இடம் விடவில்லை, காய்ச்சலும் பார்த்துவிட்டு, கழிச்சல் இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு இவ்வளவு என்றால், ஆட்டம்மையாக இருந்தால் கடும் காய்ச்சலோடு வாலடி, தொடை, மடி என்று முடி குறைந்த இடமெல்லாம் கொப்புளம் எழும்பும், நுரையீரலையும் பிடிக்கும். ஆட்டுக்கொல்லி என்றால் காய்ச்சல், மூக்குச்சளி, கழிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். கோமாரிக்குக் குளம்பிலும் புண் இருக்கும். இங்கே காய்ச்சலும் இல்லை, கழிச்சலும் இல்லை, உதட்டிலும் மூக்கிலும் மட்டும் தடித்த பக்கு. 'ஆர்ஃப்' என்கிற வாய்ப்புண் நோய் என்று சொன்னார். சந்தேகமாக இருந்தால் பக்கை எடுத்து, வைரஸைக் கண்டுபிடிக்கிற பி.சி.ஆர். சோதனை செய்யலாமாம்.

இது வைரஸ், ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது, புண்ணில் சீழ் வைத்தால்தான் அது வேண்டும். பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவி போரோகிளிசரின் தடவச் சொன்னார், முள்ளுத்தழை வேண்டாம், மெத்தென்ற கீரை கொடுங்கள் என்றார். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் தானே உதிர்ந்துவிடுமாம், ஆனால் வாய் வலியில் குட்டி பட்டினி கிடந்தால்தான் ஆபத்து, அதனால் பாலைக் கறந்து புட்டியில் ஊட்டச் சொன்னார்.

"அம்மா, வெறுங்கையால பக்கைப் பிய்க்காதீங்க, உங்களுக்கும் புண்ணு வரும்" என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, எங்கள் தெருவில் பிள்ளைகள்தான் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். உதிர்ந்த பக்கில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம், கொட்டிலைக் கூட்டி அந்தக் குப்பையை எரித்துவிட வேண்டும்.

குட்டியைத் தொட்டுப் பார்க்காமலே ஊசி விற்கிற கடைக்கும், வாலைத் தூக்கிப் பார்க்கிற டாக்டருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுக்கிறேன். போகும்போது தாய் ஆட்டையும் கூட்டிப்போங்கள், பால் குடிக்கிற குட்டியிடமிருந்து காம்பில் புண் ஒட்டியிருந்தால் அதையும் பார்த்துவிடலாம்.