மஞ்சள் என்றாலே சூரியகாந்தியா? செடி அடையாளம் சொல்லும் ஆப், சில கோடைகளுக்குப் பிறகு

சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். சிகாகோ பக்கம் குடிவந்ததிலிருந்து இந்த ஆப்தான் என் போனில் இருக்கிறது.

மரங்களுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓக் இலையைக் காட்டினால் எந்த ஓக் என்பதுவரை சொல்லிவிடும். ஊதாப் பூக்களிலும் சறுக்கியது குறைவு. எல்லாம் ஜூலை வரைக்கும்தான். அப்புறம் பிரெய்ரி புல்வெளி மஞ்சளாக மாறும், இதற்குப் புத்தி மழுங்கிவிடும்.

போன ஆகஸ்டில் ஓடையோரம் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு மஞ்சள் பூ. 'பூவை நடுவில் வையுங்கள்' என்றது, வைத்தேன். 'சூரியகாந்தி' என்றது, துளி சந்தேகம் இல்லாமல். தண்டைத் தொட்டுப் பார்த்தால் சதுரம். எதிரெதிர் இலைகள் இரண்டும் அடியில் ஒட்டிக்கொண்டு தண்டைச் சுற்றிக் கிண்ணமாக நிற்கின்றன. உள்ளே முந்தின நாள் மழைத் தண்ணீர், அதில் செத்து மிதக்கும் எறும்புகள். இது கப் பிளாண்ட், சில்ஃபியம் என்ற பேரினம். கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்க வரும். ஆப் ஒரு தடவையாவது 'தண்டைக் காட்டு' என்று கேட்டிருக்கலாம். கேட்காது.

நியாயமாகச் சொன்னால், இந்தக் கூட்டம் தேர்ந்தவர்களையே திணறடிப்பதுதான். அமெரிக்கத் தாவரவியல்காரர்கள் 'பாழாய்ப்போன மஞ்சள் காம்பொசிட்' என்று மொத்தமாக வைதுவிட்டுப் போவார்கள். காம்பொசிட் என்றால் பல சிறு பூக்கள் சேர்ந்து ஒரே பூவாகத் தெரியும் சூரியகாந்திக் குடும்பம். ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. சூரியகாந்தியில் விதை பிடிப்பது நடு வட்டத்துச் சிறு பூக்களில்; சில்ஃபியத்தில் இதழ் மாதிரி நீண்ட ஓரப் பூக்கள்தான் விதையாகும், நடுவில் இருப்பவை மலடு. செப்டம்பரில் காய்ந்த தலையைப் பார்த்தால் விளிம்பைச் சுற்றித் தட்டை விதைகள், நடுவே வெறும் சக்கை. பத்து மடங்கு கைலென்ஸ் ஒன்று இருந்தால் பூத்திருக்கும்போதே இது தெரிந்துவிடும்.

சிகாகோ பக்கத்து இயற்பியல் ஆய்வுக்கூடமான ஃபெர்மிலேப் வளாகத்தில் 1975 முதல் மீட்டு வளர்க்கும் பிரெய்ரியில் காம்பஸ் பிளாண்ட் நிற்கிறது, அதுவும் சில்ஃபியம்தான். ஆழமாக வெட்டுப்பட்ட அதன் அடியிலைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக விளிம்பைத் திருப்பி நிற்கும். அதையும் சூரியகாந்தி என்றது பாருங்கள், அன்றைக்குப் போனைப் பையில் போட்டதுதான்.

எனக்குப் பாதி விலைக்கும் வேண்டாம், நான் புதுப்பிக்கப் போவதில்லை. மரம் பார்க்கத்தான் என்றால் நீங்கள் ஒரு வருடத்துக்கு வாங்குங்கள், தானாகப் புதுப்பிக்கும் பட்டனை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.