ஷோட்டோகானா, கோஜுவா, கியோகுஷினா: எந்தக் கராத்தே எதைக் கற்றுத்தருகிறது?

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கு. ஒலிம்பிக் கராத்தேயில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருக்கிறார். ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே நெருங்கி வரும்போது ஹமேதியின் கால் உயர்ந்து அவருடைய கழுத்துப் பக்கம் பலமாக விழுகிறது. கீழே விழுந்தவர் எழவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆட்டம் முடிந்தது, ஹமேதிக்குத்தான் தங்கம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். நடுவர்கள் கூடிப் பேசி முடிவைச் சொன்னார்கள். அளவு மீறி அடித்ததால் ஹமேதி தகுதி நீக்கம். தங்கம் நினைவிழந்து கிடந்தவருக்குப் போனது.

அதே உதை கியோகுஷின் என்ற கராத்தே பாணியின் போட்டியில் விழுந்திருந்தால்? எதிராளி மூன்று நொடிக்கு மேல் தரையில் கிடந்தால் அது 'இப்போன்', முழு வெற்றி. அரங்கமே எழுந்து கைதட்டியிருக்கும்.

இரண்டுக்கும் பெயர் கராத்தேதான். இரண்டு டோஜோ (பயிற்சிக்கூடம்) சுவரிலும் மரியாதை, அடக்கம், விடாமுயற்சி என்றுதான் எழுதியிருக்கும். அதனால் சுவரில் உள்ளதை வைத்துப் பள்ளிகளை ஒப்பிடுவது வீண் வேலை. கை எதிராளியின் உடம்பை எட்டும் தூரத்துக்கு வந்த பிறகு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பள்ளி உண்மையில் எந்தக் குணத்தை வளர்க்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஷோட்டோகான்: ஒரு விரற்கடை முன்னால் நிறுத்து

உலகத்தில் அதிகம் பேர் கற்கும் பாணிகளில் ஒன்று. இதன் மூலவர் கிச்சின் ஃபுனாகோஷி, ஒகினாவாவின் ஷுரியில் 1868-ல் பிறந்த பள்ளிக்கூட ஆசிரியர். 1922-ல் டோக்கியோ போய்ச் செய்து காட்டினார், அங்கேயே தங்கிவிட்டார். 1924-ல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கிளப் தொடங்கியது, பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. வரிசையாக நிற்க வைத்து 'இச்சி, நி, சான்' என்று எண்ணி அடிக்க வைக்கும் வகுப்புமுறைக்கும் வேர் பள்ளிக்கூடம்தான். ஃபுனாகோஷியின் குருவான அன்கோ இதோசு, 1900-களின் தொடக்கத்திலேயே ஒகினாவாப் பள்ளிகளில் கராத்தேயை உடற்பயிற்சியாகச் சேர்க்கப் பாடுபட்டவர். அதற்கு முன்னால் ஓர் ஆசிரியரிடம் ஓரிரு மாணவர்கள், அதுவும் ஊர் அறியாமல் கற்றதுதான் வழக்கம்.

ஷோட்டோகானின் குணம் தெரிய 'கோஹோன் குமித்தே' பாருங்கள். குமித்தே என்றால் இருவர் மோதிப் பழகுவது. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். அடிப்பவர் முதலில் எங்கே அடிக்கப் போகிறார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். "ஜோதான்!" என்றால் முகம். சொல்லிவிட்டு ஐந்து அடி முன்னேறி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பஞ்ச். எதிரில் இருப்பவர் பின்வாங்கியபடி ஐந்தையும் தடுத்து, கடைசியில் ஒரே ஒரு பதிலடி. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் அடிப்பவர் நிஜமாகவே தாடையைக் குறிவைக்க வேண்டும். பாவம் என்று தோளுக்கு வெளியே குத்தினால் மாஸ்டர் திட்டுவார், ஏனென்றால் எதிரில் இருப்பவன் தடுக்கக் கற்கவே மாட்டான். அவன் தடுக்கத் தவறினாலோ, தோலைத் தொடும் முன் கை நின்றாக வேண்டும். முழு வேகத்தில் வந்து ஒரு விரற்கடை முன்னால் நிற்கும் கை. இதைப் பழக வருடக்கணக்கில் ஆகும்.

ஆக, ஷோட்டோகான் கற்றுத்தருவது கட்டுப்பாடு. முடிந்தும் செய்யாமல் இருப்பது. 'கராத்தேயில் முதல் தாக்குதல் கிடையாது' என்ற ஃபுனாகோஷியின் வாக்கை காமாகுராவின் எங்ககு-ஜி கோயிலில் அவருக்கான நினைவுக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். வகுப்பு முடிவில் முட்டி போட்டு உட்கார்ந்து ஐந்து உறுதிமொழிகளை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்: குணத்தைச் செம்மையாக்கு, உண்மையாக இரு, முயற்சியை விடாதே, பிறரை மதி, முரட்டுத்தனத்தை அடக்கு. ஐந்துக்கும் எண் ஒன்றுதான். இரண்டாவது, மூன்றாவது என்று எதையும் பின்னுக்குத் தள்ளுவதில்லை.

குறை? அடி வாங்காமலே கறுப்பு பெல்ட் வரை போய்விட முடியும். என் கை நின்றது நானாக நிறுத்தியதாலா, அதற்கு மேல் போகத் தெரியாததாலா என்று பத்து வருடம் கற்றவருக்கே சந்தேகம் வரும். கீழே இறங்கி, காலை நீட்டி நிற்கும் அந்த ஸ்டான்ஸ்களும் பார்க்க அழகு. பள்ளி ஆண்டு விழாவுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. அதுவே ஆபத்தும்கூட: கராத்தே அணிவகுப்பாக முடிந்துவிடும்.

கோஜு-ரியு: மூச்சும் பொறுமையும்

ஷுரி நகரத்துக் கராத்தேயிலிருந்து ஷோட்டோகான் வந்தது என்றால், கோஜு பக்கத்துத் துறைமுக நகரான நாஹாவிலிருந்து வந்தது. சோஜுன் மியாகி (1888-1953), அவருடைய குரு கன்ரியோ ஹிகாஓன்னா. இவர்களுடைய பயிற்சியின் நடுநாயகம் 'சான்சின்' என்ற கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவுகளின் வரிசை. பார்த்தால் ஒன்றுமே இல்லை: மூன்று அடி முன்னால், திரும்பு, சில குத்துகள், அதுவும் மெதுவாக. மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, கால் விரலால் தரையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து விட்டுச் செய்ய வேண்டும். ஆசிரியர் பின்னால் வந்து தோளில், விலாவில், தொடையில் கையால் தட்டிப் பார்ப்பார். எந்த இடம் தளர்ந்திருக்கிறது என்று தட்டும்போது தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் ஹிகாஓன்னா தன் மாணவர்களை வருடக்கணக்கில் சான்சின் மட்டுமே செய்ய வைத்தார் என்று அந்தப் பரம்பரையில் சொல்வார்கள்.

கருவிகளும் உண்டு. குறுகிய வாய் கொண்ட ஜாடிகளை விளிம்பில் விரலால் பற்றித் தூக்கிக்கொண்டு நடப்பது ஒன்று. மரப்பிடியின் ஒரு நுனியில் கல் பூட்டிய 'சிஷி' இன்னொன்று. நம் ஊர் கரலாக்கட்டை சுழற்றியவர்களுக்குப் பிடித்த உடனே புரியும்.

இங்கே அடி படுவதும் உண்டு, ஆனால் போட்டியாக இல்லை. இருவர் முன்கையை ஒட்டி வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தள்ளி இழுக்கும் 'காக்கியே' பயிற்சியில் எதிராளியின் பலம் எந்தத் திசையில் வருகிறது என்று தோல் வழியாகவே தெரிய வேண்டும். முரட்டுத்தனமாகத் தள்ளுபவன்தான் முதலில் தடுமாறுவான். கோஜு தரும் குணம் பொறுமை, அதோடு தன் உடம்பைத் தான் கவனிக்கும் பழக்கம். நாற்பது வயதுக்கு மேல் சேர விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் சான்சினில் மூச்சை அடக்கி முக்கக் கூடாது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சேரலாம்.

பிள்ளைகளுக்கு? நல்ல ஆசிரியர் இல்லையென்றால் கொட்டாவிதான். மூன்றாவது மாதத்தில் கிரிக்கெட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

ஷிட்டோ-ரியு, இஷின்-ரியு

இந்த இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஷிட்டோவை உருவாக்கிய கென்வா மபுனி, இதோசு, ஹிகாஓன்னா இருவரிடமும் கற்றவர். ஷுரி, நாஹா இரண்டின் சொத்தும் சேர்ந்ததால் ஐம்பதுக்கு மேல் கட்டாக்கள். நினைவாற்றலும் நுணுக்கமும் உள்ள பிள்ளைக்கு இது விருந்து. கட்டாப் போட்டிகளில் இந்தப் பாணிக்கு நல்ல செல்வாக்கு உண்டு. சண்டையில் ஆர்வம் உள்ளவனுக்குப் பட்டியல் நீளமாகத் தெரியும்.

இஷின்-ரியுவை 1956-ல் ஒகினாவாவில் தொடங்கியவர் தத்சுவோ ஷிமாபுகு. அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்க மரைன் படை வீரர்கள் வழியாக அமெரிக்காவில் பரவியது. தமிழ்நாட்டில் இந்தப் பெயர் தெரிந்ததற்கு ஷிஹான் ஹுசைனி முக்கியக் காரணம். முஷ்டியைத் திருப்பாமல், கட்டைவிரல் மேலே இருக்கும்படி நேராகக் குத்துவது, உயரமான இயல்பான நிலை, ஆயுதமில்லாமல் வெறுங்கையோடு செய்யும் கட்டாக்கள் எட்டு மட்டும். சிக்கனமான பாணி. பட்டியலை முடிப்பதைவிட, இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்வதில் நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பிடிக்கும்.

ஓடு உடைப்பது, வயிற்றில் பைக் ஏற்றுவதெல்லாம் எந்தப் பாணியின் பாடத்திட்டத்தின் மையமும் இல்லை. விழா மேடைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கியோகுஷின்: அடித்துப் பார், வாங்கியும் பார்

மசுதாத்சு ஒயாமா (1923-1994) கொரியாவில் பிறந்து ஜப்பானுக்கு வந்தவர். ஷோட்டோகானும் கோஜுவும் கற்றவர். நிறுத்தும் கையில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. 1964-ல் தன் அமைப்பைத் தொடங்கினார், 1975-ல் முதல் உலகப் போட்டி நடந்தது. விதி எளிது: கையுறை கிடையாது, முகத்தில் கையால் குத்தக் கூடாது. மற்றபடி மார்பு, வயிறு, தொடை எங்கும் முழு பலத்தோடு. தலைக்குக் காலால் உதைக்கலாம்.

முதல் முறை தொடையில் ஒரு லோ கிக் சரியாக வாங்கிய மறுநாள் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவீர்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது. வலி என்பது பயந்த அளவுக்கு இல்லை என்று புரியும். அதைவிட முக்கியமாக, நாம் அடிப்பது இன்னொருவனுக்கு எப்படி இருக்கும் என்று நம் உடம்புக்கே தெரிந்துவிடும். கிரேடிங்கில் (பெல்ட் தேர்வு) களைத்துப்போன நிலையில் ஒருவர் பின் ஒருவராக வந்து மோதுவார்கள். இதன் உச்சம் 'நூறு பேர் குமித்தே'. ஒரே நாளில் நூறு சுற்றுகள். முடித்தவர்கள் மிகச் சிலர்.

இங்கே வளர்வது தாங்கும் சக்தி. தோற்றவனும் வென்றவனும் கும்பிட்டு, கை கொடுத்து, தோளில் தட்டிப் போவதில் நடிப்பு இருக்காது. ஆனால் இதன் கூடவே ஒரு நோயும் வளரும். வலியைத் தாங்குவதே பெருமை என்றாகி, முட்டி போனாலும் சொல்லாமல் பயிற்சிக்கு வருவார்கள். முகத்தில் குத்து வராது என்ற பழக்கத்தில் கையைத் தாழ்த்தி, மார்போடு மார்பு நின்று அடித்துக்கொள்வார்கள். தெருவில் முதலில் வருவதோ முகத்துக்கான குத்து. ஒயாமா இறந்த பிறகு அவருடைய அமைப்பு பல துண்டுகளாக உடைந்ததையும் சொல்ல வேண்டும். அடியைத் தாங்கக் கற்றவர்களுக்கு ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வது அத்தனை சுலபமாக இல்லை.

மெடல் வழி

உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி ஆடும் போட்டிக் கராத்தேயைத் தனிப் பாணியாகவே எண்ணலாம். எந்த டோஜோவில் கற்றவரும் அங்கே ஒரே மாதிரிதான் துள்ளுவார்கள். கையால் சரியாக ஒரு பஞ்ச் 1 புள்ளி, உடம்புக்கு உதை 2, தலைக்கு உதை 3. வேகம், தூரம் கணிக்கும் கண், தோல்வியை அடிக்கடி சந்திக்கும் பழக்கம் எல்லாம் இதில் உண்டு. தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டிய விதி ஃபுனாகோஷி வழியிலிருந்துதான் வந்தது. ஆனால் புள்ளி எடுத்ததாக நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்துவதும், லேசாகப் பட்டதற்கு முகத்தைப் பொத்திக்கொள்வதும் இதில்தான் அதிகம். இவ்வளவுக்கும் ஒலிம்பிக்கில் கராத்தே டோக்கியோவில் மட்டும்தான் இருந்தது. 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலிலும் இல்லை. பிள்ளை ஒலிம்பிக் போக வேண்டும் என்பதுதான் கனவு என்றால் டேக்வாண்டோ கிளாஸைத் தேடுங்கள்.

சரி, யாருக்கு எது?

பெரும்பாலான பெற்றோர் இதைத் தலைகீழாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பயந்த பிள்ளையைத் 'தைரியம் வரட்டும்' என்று அடி விழும் இடத்தில் சேர்ப்பார்கள். அவன் இரண்டாவது வாரமே வயிற்று வலி என்பான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஷோட்டோகானோ கோஜுவோதான் சரி: எங்கே அடி வரும் என்று முன்பே சொல்லிவிட்டு அடிக்கும் இடத்தில்தான் பயம் மெல்ல விலகும். அடாவடிப் பையனை 'அடக்கம் வரட்டும்' என்று உறுதிமொழி சொல்லும் இடத்தில் சேர்ப்பார்கள். அவன் உறுதிமொழியை எல்லோரையும்விட உரக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய்ப் பழகியதை நண்பன் மேல் சோதிப்பான். பதினான்கு பதினைந்து வயதான பின் அவனைக் கியோகுஷினில் விடுங்கள். தன்னைவிடச் சின்ன உருவம் உள்ள சீனியரிடம் தொடையில் இரண்டு வாங்கினால், ஐந்து உறுதிமொழிகளும் செய்யாததை அது செய்யும். வளரும் எலும்புள்ள சின்னப் பிள்ளைகளுக்கு முழு அடி வேண்டாம்.

நம் ஊரில் வீட்டுப் பக்கத்தில் இரண்டு கிளாஸ் இருந்தாலே பெரிது, அதனால் போர்டில் உள்ள பெயர் பாதி விஷயம்தான். சேர்க்கும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து குமித்தே நேரத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பலமாகப் பட்டு அழுதால் மாஸ்டர் யாரிடம் முதலில் போகிறார்? அடித்தவனை எல்லோர் முன்னாலும் திட்டுகிறாரா, தனியே கூப்பிட்டுத் தூரத்தை மறுபடி காட்டுகிறாரா, 'ஆம்பளப் பையன் அழலாமா' என்று அழுதவனைக் கேலி செய்கிறாரா? அடுத்து, சீனியர்கள் வெள்ளை பெல்ட்டோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பாருங்கள். கடைசியாக, கிரேடிங்கில் இதுவரை யாராவது ஃபெயில் ஆகியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பணம் கட்டிய எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒரு கலர் மாறுகிற இடம் என்றால், அது எந்தப் பாணியாக இருந்தாலும் வேண்டாம்.