வாழ்நாள் வாரண்டியை நம்பி ஒட்டுக்கத்தியை அனுப்பிவிடாதீர்கள்

மடக்குக் கத்தியை வாரண்டியில் பழுது பார்க்கக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறவர்கள், அதிலும் என்னைப் போல மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். நான் அனுப்பினேன். கத்தியும் போச்சு, ஒரு பருவமும் போச்சு.

எனக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம். போச்சம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் மாங்கன்று வாங்கியவர்களுக்கு எங்கள் ஊரைச் சொல்லத் தேவையில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு கடையில் 4,200 ரூபாய் கொடுத்து இந்தக் கத்தியை வாங்கினேன். கத்திக்கு இவ்வளவா என்று வீட்டில் திட்டு விழுந்தது. ஆனால் கையில் எடுத்தால் தெரியும்: கார்பன் இரும்பு அலகு, மரப்பிடி, உள்ளே பித்தளைத் தகடு. பெட்டிக்குள் இருந்த அட்டையில் ‘வாழ்நாள் வாரண்டி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. யாருடைய வாழ்நாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இந்த மே மாதம் அலகு ஆட ஆரம்பித்தது. விரித்துப் பிடித்தால் இடம் வலமாக ஒரு நூல் அசையும், அவ்வளவுதான், நடுவில் இருக்கிற ஆணி லேசாகத் தளர்ந்திருக்கிறது. வேறு குறை எதுவும் இல்லை. கூர் அருமையாக இருந்தது, அதை நானே கல்லில் தீட்டி வைத்திருந்தேன். ஒட்டுக் கட்டும் பருவம் தொடங்கும் முன்பு சரிசெய்துவிடலாம் என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். “அனுப்புங்க சார், பதினஞ்சு நாள்ல திருப்பிடுவோம்” என்றார்கள். கூரியர் கடையில் கத்தி என்றதும் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் அலகை மடக்கி, ரப்பர் போட்டு, அட்டையில் சுற்றி, தோட்ட வேலைக் கருவி என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ஜூன் முதல் வாரம்.

பதினைந்து நாள் எழுபது நாளானது. நடுவில் எத்தனை போன் போட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுப்பார், நான் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். பில் கேட்டார்கள், நல்லவேளை வெளுத்துப்போகும் முன்பு படம் எடுத்து வைத்திருந்தேன். ஜூலையில் ஒருநாள், ஆணி தளர்ந்தது தேய்மானமாம், வாரண்டியில் வராதாம், ‘பராமரிப்பு’ செய்து தருகிறோம், 640 ரூபாய் கட்டுங்கள் என்றார்கள். பருவம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டித் தொலைத்தேன். அது என் தப்பு, என்ன பராமரிப்பு என்று எழுத்தில் கேட்டிருக்கவேண்டும்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த பிறகு பார்சல் வந்தது. பிரித்தால் கத்தி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. விரித்தேன், ஆட்டம் அப்படியே இருக்கிறது. சரி என்று அலகைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. இரண்டு பக்கமும் தீட்டியிருக்கிறார்கள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். இடது கைக்காரர்களுக்கு அதையே பக்கம் மாற்றிச் செய்வார்கள். தட்டைப் பக்கம் குச்சியோடு ஒட்டிப் போனால்தான் வெட்டு இழைப்புளி போட்ட மாதிரி சமமாக வரும். செடியில் ஒரு சாய்வெட்டு, அதில் சேர்க்க நல்ல மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சியில் அதே அளவுக்கு ஒரு சாய்வெட்டு, இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. பட்டைக்கு உள்ளே இருக்கிற பச்சை இரண்டும் தொட்டால்தான் உயிர் பிடிக்கும். இரண்டு பக்கமும் சரிவு வைத்த கத்தி காய்கறி நறுக்க நன்றாக இருக்கும். குச்சியில் வைத்து இழுத்தால் மேலே ஏறும், இல்லை உள்ளே பாயும், வெட்டின் நடுவில் மேடு விழும். ஒட்டுக்கத்தி செய்கிற கம்பெனிக்கே இது தெரியவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வந்த கத்தியை வைத்துப் பெங்களூரா ரக மாங்கன்று ஐம்பது கட்டிப் பார்த்தேன். துளிர்த்தது பத்தொன்பது. பருவம் பிந்தியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நாளில், அதே மரத்துக் குச்சியில், பக்கத்துப் பாத்தியில் அப்பாவின் பழைய கத்தியால் கட்டிய ஐம்பதில் நாற்பத்தொன்று பிடித்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனபோது போச்சம்பள்ளியில் எங்களுக்குப் பழக்கமான கொல்லரிடம் காட்டினேன். அவர் கூரைப் பார்க்கவே இல்லை, நேராக நுனியைப் பார்த்தார். அங்கே அரை விரல் நீளத்துக்கு மயில்கழுத்து நிறம். எனக்கு அதுவரை கண்ணில் படவில்லை. “தண்ணி காட்டாம மெஷின்ல பிடிச்சிருக்கான் தம்பி. சூடேறிப் பதம் போயிடுச்சு. இனிமே எத்தனை தீட்டினாலும் அந்த இடத்துல கூர் நிக்காது” என்றார். மறுபடி தட்டையாக்க ஒரு பக்கம் முழுவதும் தேய்த்து எடுக்கவேண்டும், அலகு பிளேடு மாதிரி ஆகிவிடும் என்றார். ஆணியின் தலையை இரண்டு தட்டுத் தட்டினார், ஆட்டம் நின்றுவிட்டது. ஐம்பது ரூபாய். “அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை.

கம்பெனிக்குப் படத்தோடு எழுதினேன். ‘எங்கள் தரக் கட்டுப்பாட்டின்படியே கூர் தீட்டப்பட்டுள்ளது’ என்று பதில். கூர் தீட்டச் சொன்னது யார்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. 640 ரூபாயைத் திருப்பிவிட்டார்கள், கூடவே அடுத்த கத்திக்கு இருபது சதவீதம் தள்ளுபடியாம். கத்திக்கு மட்டும் பதில் இல்லை.

அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடவேண்டும். சிக்கல் என்னவென்றால், முன்பு அலகு தட்டையாக இருந்தது என்று காட்ட என்னிடம் இருப்பது ஒரே படம், அதுவும் ஆணியைக் காட்ட எடுத்ததில் தற்செயலாக விழுந்தது. நீங்கள் அனுப்புவதாக இருந்தால் அலகை இரண்டு பக்கமும், முனையிலிருந்து நேராகவும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆணியை மட்டும் இறுக்கவும், கூரைத் தொடவேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள், அதையும் படம் எடுங்கள்.

வழக்கு இருப்பதால் பெயரைப் பொதுவில் போடவில்லை, தனியாகக் கேட்டால் சொல்கிறேன். இதே மாதிரி இரண்டு பக்கமும் தீட்டித் திரும்பி வந்த ஒட்டுக்கத்தி யாரிடமாவது இருந்தால் படம் அனுப்புங்கள், என் மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.