மோட்டர் எரிந்துவிட்டது என்றால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள்

1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது நான் ஸ்டேஷனில் நின்றேன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. அது தெரிந்துதான் லண்டனிலிருந்து வந்த அக்கா ஓஓ கேஜ் என்ற அளவில் செய்த சின்ன மாதிரி ரயில் எஞ்சின் ஒன்றும் ஒரு வட்டத் தண்டவாளமும் கொண்டுவந்து தந்தார். 12 வோல்ட்டில் ஓடுவது. நாலு மாதம் அழகாக ஓடியது. பிறகு விக்கத் தொடங்கியது: ஒரு முழம் போகும், நிற்கும், விரலால் தட்டினால் துள்ளிப் பாயும்.

வவுனியாவில் ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் திருத்தும் கடையில் கொடுத்தேன். மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "மோட்டர் எரிஞ்சு போச்சு அண்ணை, புதுசுதான் போடவேணும்" என்றார் அந்தத் தம்பி. 8,500 ரூபா, முழுவதும் முற்பணம். மூன்று கிழமை இழுத்தடித்துத்தான் தந்தார்கள்.

வீட்டில் வைத்து ஓட்டினால் முந்தியதைவிட மோசம். திறந்து பார்த்தேன். எஞ்சின் வந்த புதிதில் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் திறந்து படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படத்தில் மோட்டரின் பக்கவாட்டில் இருந்த கீறல் இப்போதும் அதே இடத்தில் அப்படியே இருந்தது. மாற்றவே இல்லை. போன் எடுத்துப் பழைய மோட்டரைக் கேட்டேன். "அதை எறிஞ்சிட்டம் அண்ணை" என்றார்கள்.

காசைவிட என்னை நோகடித்தது வேறு. மோட்டர் முழுக்க ஒயிலை ஊற்றியிருந்தார்கள். அது காபன் பிரஷ் தொடும் செப்பு வளையம் வரை போய்க் கரியோடு சேர்ந்து பசையாகிவிட்டது. சில்லுகளைச் சாண்ட் பேப்பரால் தேய்த்திருந்தார்கள். மேலே இருந்த நிக்கல் பூச்சு போய்விட்டது. இனி அந்தக் கீறல்களுக்குள் ஊத்தை பிடித்துக்கொண்டே இருக்கும். இதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

உண்மையான பழுது என்ன தெரியுமா? சில்லின் பின்பக்கத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து, சில்லில் படாமல் நின்றது. அதோடு எங்கள் வன்னிச் செம்மண் புழுதியும் ஒயிலும் சேர்ந்து சில்லுகளில் கறுப்பாக ஒட்டியிருந்தது. தகட்டைக் கவனமாக நிமிர்த்தினேன். ஐசோபுரொபைல் அற்ககோலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துச் சில்லு, தண்டவாளம், செப்பு வளையம் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டேன். ஓடியது!

கடைக்குப் போகுமுன் இதை மட்டும் செய்யுங்கள். 9 வோல்ட் பற்றரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து நேரே மோட்டரின் இரு முனைகளிலும் பிடியுங்கள். சீராகச் சுற்றினால் மோட்டர் நல்லது. மின்சாரம் அதுவரை வந்து சேர்வதில்தான் பிழை. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அங்குள்ள இணைப்பைப் பாருங்கள். சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இடறினால் பற்சில்லு வெடித்திருக்கலாம். கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் உள்ளே படம் எடுத்து வையுங்கள், கழற்றும் சாமானைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலே சொல்லுங்கள், தண்டவாளத்தையும் கொண்டுபோய் அதில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

என் 8,500 ரூபா இன்னும் வரவில்லை. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை சில்லு துடைக்க வேண்டியிருக்கிறது. புதுச் சில்லுகள் கிடைக்குமா என்று அக்கா அங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.