லென்ஸைக் காட்டி டெக்கை மறைத்தார்: பழைய டேப் கேம்கார்டர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மினிடிவி (MiniDV) எனும் சிறு டிஜிட்டல் வீடியோ கேசட்டில் பதிவாகும், வீட்டுக் கருவிக்கும் தொழில்முறைக் கருவிக்கும் இடைப்பட்ட பழைய புரோசூமர் கேம்கார்டரை இணையத்தில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். ‘எல்லாம் நன்றாக வேலை செய்கிறது’ என்று விளம்பரம் போட்டவரிடம் நான் வாங்கிய கருவி ஒரு கேசட்டைக்கூட உருப்படியாக ஓட்டவில்லை.

விளம்பரத்தில் அடுக்கியிருந்த வசதிகள் எல்லாம் உண்மைதான். மூன்று சிசிடி (ஒளியைப் படமாக்கும் சில்லு), கையால் திருப்பும் ஃபோகஸ் வளையம், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே, மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கும் எக்ஸ்எல்ஆர் எனும் தொழில்முறை ஒலி இணைப்புகள். 1995இல் சோனியின் விஎக்ஸ்1000 கேம்கார்டர் வந்த காலம் தொட்டு ஆவணப்படம் எடுப்பவர்கள் இந்த வகைக் கருவிகளை விரும்பியதற்கு இவை போன்ற வசதிகளே காரணம். லென்ஸுக்குள் வரும் ஒளியைப் பட்டகம் ஒன்று சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து மூன்று தனிச் சில்லுகளில் விழச் செய்யும். அக்காலத்து ஒற்றைச் சில்லுக் குடும்பக் கேமராக்கள் அந்த நிறத்தை நெருங்கவே முடியாது.

விற்றவர் அனுப்பிய வீடியோவும் கண்ணைப் பறித்தது. திரையைத் திறக்கிறார், ஜூம் வழுக்கிக்கொண்டு போகிறது, படம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அது லென்ஸிலிருந்து நேராகத் திரைக்கு வரும் படம். கேசட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இந்தக் கருவிக்குள் கேமரா ஒன்றும், கேசட்டை ஓட்டும் டேப் டெக் ஒன்றும் சேர்ந்து குடியிருக்கின்றன. கேமரா புதிதுபோல இருக்கும்போதே டெக் செத்துக் கிடக்கலாம்.

டெக்தான் சீக்கிரம் தேயும் பகுதி. 6.35 மில்லிமீட்டர் அகல நாடாவின் மேல், நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழலும் டிரம் எனும் உருளை, தன்மேல் பதித்த ஹெட் எனும் காந்த முனைகளால் 10 மைக்ரான் அகலத் தடங்களைச் சாய்வாக எழுதிப் படிக்கிறது. என் கேசட்டைப் போட்டதும் படம் கிடைமட்டப் பட்டைகளாக உடைந்தது. ஒரு பட்டையில் ஆள் நடக்கிறார். அடுத்த பட்டையில் அவருடைய இடுப்பு மட்டும் சற்று முன் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கிறது. ஒலி வெட்டி வெட்டி வந்தது. இரண்டு ஹெட்களில் ஒன்று படிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

விற்றவரிடம் கேட்டபோது, “அழுக்காக இருக்கும் சார், கிளீனிங் கேசட் போட்டுச் சரியாகும்வரை ஓட்டிக்கொண்டே இருங்கள்” என்றார். கிளீனிங் கேசட் ஹெட்டை உராய்ந்து துடைப்பது. ஒரு தடவைக்குப் பத்து நொடி ஓட்டினால் போதும். விடாமல் ஓட்டினால் மிச்சமிருக்கும் ஹெட்டும் தேயும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை என்னை இழுத்தடிப்பதே அவருடைய நோக்கம் என்று நினைக்கிறேன்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்புளியை எடுக்கும் முன்பே மெனுவுக்குள் போய் மணிக்கணக்கைத் திறந்தார். தொழில்முறைப் பிரிவுக்கென வந்த பல மாடல்களில் டிரம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அங்கே தெரியும். ‘அதிகம் பயன்படுத்தாதது’ என்று விற்கப்பட்ட கருவியில் நான்கு இலக்க எண் நின்றது. மாற்று டிரம் கிடைப்பது அரிது என்று கையை விரித்துவிட்டார்.

கேசட்டில் உள்ள வீடியோவைக் கணினிக்கு அனுப்பும் ஃபயர்வயர் இணைப்பின் கதை தனி. கேசட்டுகளைக் கணினியில் ஏற்றத்தான் வாங்குகிறேன் என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். ‘யுஎஸ்பி இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று பதில் வந்தது. இந்தத் தலைமுறைக் கருவிகளில் யுஎஸ்பி பெரும்பாலும் மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களுக்கானது. நொடிக்கு 25 மெகாபிட் வீதம், மணிக்குச் சுமார் 13 ஜிபியாக வரும் இந்தக் கேசட்டின் டிஜிட்டல் வீடியோ அப்படியே இறங்குவது ஃபயர்வயர் வழியாகத்தான். என் கருவியில் அந்தத் துளை செத்திருந்தது. எந்தக் கணினியிலும் அது தலைகாட்டவில்லை.

ஆகவே விற்பவரிடம் லென்ஸ் படத்தைக் கேட்காதீர்கள். வேறொரு கேமராவில் பதிவான கேசட் இதில் ஓடும் காட்சியைக் கேளுங்கள். வேறொன்றில் பதிவானது என்பது முக்கியம்: தடம் விலகிய டெக்கும் தான் எழுதியதைத் தானே ஒழுங்காகப் படித்துவிடும். ஓடிய கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் தூக்கி, நாடாவின் ஓரம் கசங்கியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு மணிக்கணக்குத் திரை, ஃபயர்வயரில் கணினியோடு பேசும் காட்சி. உங்கள் கேசட்டுகள் பால் (PAL) முறையா, என்டிஎஸ்சி (NTSC) முறையா என்பதையும், அதாவது எந்த நாட்டு வீடியோ முறையில் பதிவானவை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வகைக் கேசட்டில் பதிவாகும் டிவிகேம் (DVCAM), எச்டிவி (HDV) எனும் வேறு வடிவப் பதிவுகளைச் சாதாரண மினிடிவி கருவிகள் பல ஓட்டா.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: “எல்லாம் வேலை செய்கிறது என்று படம் எடுப்பதைத்தானே சொன்னேன், கேசட் ஓடும் என்று எங்கே எழுதினேன்?” என் புகார் விற்பனைத் தளத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவர் இப்போது இன்னொரு கேம்கார்டரை விளம்பரம் செய்திருக்கிறார். அதே ஜூம் வீடியோ, அதே ‘எல்லாம்’. கேசட் ஓடும் காட்சி வேண்டும் என்று அதன் கீழே கேட்டிருக்கிறேன். கேள்வியை நீக்கிவிட்டார்.