தண்டையார்பேட்டை வீடும் போக்கியப் பணமும்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதே தண்டையார்பேட்டை வீட்டுக் கணக்கை முடிக்கத்தான். வங்கிக் கடன் அடைந்துவிட்டது. மாடியில் போக்கியத்துக்கு இருக்கும் அக்காவுக்கு ஆறு லட்சம் திருப்பித் தர வேண்டும். அப்புறம் மாத வாடகைக்கு விடலாம் என்று எண்ணம்.

வடசென்னையில் போக்கியத்துக்கு இன்னும் நல்ல மவுசு. குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பார். காலி செய்யும்போது அதே தொகையை வாங்கிக்கொள்வார். அதுவரை அந்தப் பணத்தை எந்த வீட்டுக்காரரும் பீரோவில் பூட்டி வைப்பதில்லை. பெண் கல்யாணத்துக்கோ, மேலே ஒரு மாடி எழுப்பவோ போய்விடும். அடுத்த ஆள் பணம் கொடுத்தால்தான் பழைய ஆளுக்குக் கிடைக்கும். கணக்குப்படி பார்த்தால் இங்கே வீட்டுக்காரர்தான் கடன்காரர்.

அதே வீட்டின் பேரில் வங்கிக் கடனும் இருந்துவிட்டால் குடித்தனக்காரர் பாடு திண்டாட்டம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வீட்டைக் கையகப்படுத்தலாம். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம். குடியிருப்பவர்கள் கையில் இருப்பதோ முத்திரைத்தாளில் எழுதிய, பதிவு செய்யாத ஒப்பந்தம். ஒரு வருடத்துக்கு மேல் இருக்க உரிமை கோரினால் பதிவான பத்திரம் வேண்டும் என்று இப்படிப்பட்ட வங்கி வழக்கிலேயே 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்து லட்சக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். கடன் அடைந்து மாதக்கணக்காகியும் மூலப்பத்திரம் வரவில்லை. கிளையில் கேட்டால் "ஹெட் ஆபீஸ்ல இருந்து வரணும் சார்" என்ற ஒரே பாட்டு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2023 டிசம்பர் முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரம் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இதை மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். பத்திரம் அந்த வாரமே வந்தது. இழப்பீட்டுப் பேச்சை எடுத்தால் மட்டும் மேலாளருக்கு உடனே போன் வந்துவிடுகிறது!

பத்திரம் கைக்கு வந்தாலும் வேலை முடியாது. கடன் வாங்கியபோது பதிந்த எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம், வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். வங்கி சார்பில் ரசீது ஆவணம் பதிந்தால்தான் கடன் தீர்ந்தது அதில் ஏறும். வங்கி அதிகாரியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டோக்கன் காலையில் என்றால் அவர் வருவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பதிவு அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். போட்டோ, கைரேகை, கையெழுத்து என்று சட்டென்று முடித்தார்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். அதற்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இடிப்பது வருமான வரிதான். வெளிநாட்டில் வசிக்கும் என் போன்றவருக்கு வாடகை கொடுப்பவர், பொதுவாக 31.2 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு அவர், வரி பிடிப்பவர்களுக்கென்று வருமான வரித் துறை தரும் டான் எண் வேறு எடுக்க வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர் இதற்கெல்லாம் அலைவாரா? குறைந்த வரி பிடிக்கச் சான்று வாங்கலாம் என்று ஆடிட்டர் சொன்னதால் விண்ணப்பித்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஆறு லட்சத்தையும் வங்கி வழியாகவே அனுப்பினேன். திருவொற்றியூரில் அடுத்த வீடு பேசி வைத்திருந்தார். முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்த்ததில், எம்.ஓ.டி. ஒன்று ரசீது இல்லாமல் நின்றது. "நல்ல வேளை தம்பி, நாளைக்குக் குடுக்கறதா இருந்தேன்" என்றார். இப்போது காலடிப்பேட்டையில் ஒரு வீடு பார்த்திருக்கிறாராம். அதன் சர்வே எண் நேற்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.