பச்சை மூடி, ஊதா மூடி

அல்சூரில் இருக்கும் சித்தி மகனுக்கு விந்துப் பரிசோதனையில் விந்தணு பூஜ்யம். மறுபடி கொடுத்தான், மறுபடியும் பூஜ்யம். (அதற்கு முன் இரண்டு வருடம் அவன் மனைவிக்குத்தான் டெஸ்ட் மேல் டெஸ்ட்!) கருத்தரிப்பு மையத்தில் கேரியோடைப், ஒய் துண்டுச் சோதனை, எக்ஸோம் என்று மூன்று மரபணுப் பரிசோதனைகளை ஒரே பேக்கேஜாக நீட்டினார்கள். பில்லைப் பார்த்ததும் எனக்குப் போன். நான் லேப்பில் வேலை பார்ப்பவன்.

கேரியோடைப்புக்கு, அதாவது குரோமோசோம் பரிசோதனைக்கு, ரத்தம் பச்சை மூடி டியூபில் போகும். செல்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் அதில் ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெபாரின். மூன்று நாள் வளர்த்து, குரோமோசோம்களை எண்ணுவார்கள். 46-க்குப் பதில் 47, கூடுதலாக ஒரு எக்ஸ் என்றால் க்ளைன்ஃபெல்டர் என்ற பிறவிக் குறை. விந்தணுவே இல்லாதவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இதுதான் காரணம். ஆனால் குரோமோசோமில் சின்னத் துண்டு காணாமல் போனால் இதில் தெரியாது.

அதற்குத்தான் ஊதா மூடி. ஒய் குரோமோசோமில் விந்தணு உருவாக வேண்டிய ஏஇசட்எஃப் என்றொரு பகுதி; அதில் ஏ, பி, சி என மூன்று துண்டுகள். 1976-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் டியெபோலோவும் சுஃபார்டியும் ஆறு ஆண்களிடம் கண்ட குறையிலிருந்து தொடங்கிய கதை. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஓட்டி ஜெல்லில் பார்த்தால், மற்ற ஆணின் மாதிரியில் கோடு விழுந்திருக்கும் இடம் இவருடைய வரிசையில் காலியாக இருக்கும். அவ்வளவுதான் சோதனை. என் ஓட்டு இதற்கே. சி மட்டும் போயிருந்தால் விரையில் அறுவை செய்து தேடும்போது விந்தணு கிடைக்கக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு; அதில் மகன் பிறந்தால் அவனுக்கும் இந்தக் குறை போகும், அதையும் முன்பே சொல்ல வேண்டும். ஏ அல்லது பி முழுசாகப் போயிருந்தால் கத்தி வைப்பதே வீண்.

"எல்லாத்தையும் எக்ஸோம்லயே பாத்துட முடியாதாண்ணா?"

முடியாது. எக்ஸோம் இருபதாயிரம் மரபணுக்களின் எழுத்தைப் படிக்கும். விந்தணு உருவாகத் தேவையான டெக்ஸ்11 மாதிரி மரபணு ஒன்றில் கோளாறு இருந்தால் பிடிக்கும். ஒய் துண்டு காணாமல் போனதை நம்பும்படி சொல்லாது. ரிப்போர்ட்டில் பல இடத்தில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்றிருக்கும். உலகத் தரவுத்தொகுப்புகளில் நம் ஆட்கள் குறைவு, அதனால் நமக்கு அது இன்னும் அதிகம்.

விந்தணுக் குழாயே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் சிஎஃப்டிஆர் என்ற மரபணுவைப் பார்க்க வேண்டும். அவனுக்கு டாக்டர் தொட்டுப் பார்த்துக் குழாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டார், அது வேண்டாம்.

சரி, பச்சையும் ஊதாவும் கொடுத்துவிட்டு வந்தான். எக்ஸோம் ஃபாரம் இன்னும் அவன் பைக் டிக்கியில் மடித்தபடி கிடக்கிறது.